துறை கடக்கும் தராசு

குருமண்வெளித் துறையில் நின்றால் எதிரே மண்டூர்க் கரை தெரியும். நடுவே மட்டக்களப்பு வாவி. மனிதரையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு கடக்கிற தட்டையான படகை எங்கள் பக்கத்தில் 'பாதை' என்போம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் அந்தப் பாதையில் என் பக்கத்தில் ஒரு குடும்பநல உத்தியோகத்தர் நின்றார். அவருடைய ஸ்கூட்டியில் ஒரு துணிப்பை தொங்கியது. பைக்குள்ளிருந்து தராசின் கொக்கி வெளியே எட்டிப் பார்த்தது. "இண்டைக்கு நிறை பார்க்கிற நாள். பிந்திப் போனா தாய்மார் வயலுக்குப் போயிருவாங்க," என்று கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

56 கிலோமீற்றர் நீளமான வாவி மட்டக்களப்பை இரண்டாகப் பிரிக்கிறது. கடலோரமாகச் சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. வயலும் காடுமாகச் சூரியன் படும் பக்கம் படுவான்கரை. நகரமும் போதனா வைத்தியசாலையும் எழுவான்கரையில். நெல் விளைவது பெரும்பாலும் படுவான்கரையில். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக் கர்ப்பிணி ஒருத்தி அவசரமாக நகரத்துக்கு வரவேண்டுமென்றால் பாதைக்குக் காத்திருக்க வேண்டும், இல்லையேல் வலையிறவுப் பாலம் வழியாகச் சுற்ற வேண்டும். ஆகவே இங்கே தாயையும் பிள்ளையையும் பேணுவதென்றால், யார் துறையைக் கடப்பது என்ற கேள்வி முதலில் வரும். தாய் கடந்து வைத்தியரிடம் போவதா, உத்தியோகத்தர் கடந்து தாயிடம் வருவதா? இலங்கை இரண்டாவதைத் தேர்ந்தது. தமிழ்நாடும் அதையே தேர்ந்தது. ஆனால் இரண்டு இடத்திலும் வாசலுக்கு வருகிற பெண்ணின் வேலை ஒன்றாக அமையவில்லை. அந்த வேறுபாட்டைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறேன்.

இலங்கையில் இந்த ஏற்பாட்டின் தொடக்கம் 1926இல் களுத்துறையில் அமைந்த முதலாவது சுகாதாரப் பிரிவு. ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவரோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், வீடு வீடாகப் போகும் மருத்துவ மாதுக்கள் என்ற அந்த வார்ப்பில்தான் இன்றுவரை நாடு முழுவதும் நடக்கிறது. மருத்துவ மாதுதான் இன்று குடும்பநல உத்தியோகத்தர். தாய்மாருக்கு அவர் 'மிஸி'. ஒன்றரை வருடப் பயிற்சி. ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. அவருக்கு மேலே பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரி. பதிவேடுகளைச் சரிபார்ப்பதும், சிக்கலான வீட்டுக்குக் கூடவே போவதும், புதிதாக வந்த பெண்ணுக்குக் கைகொடுப்பதும் அவர் பொறுப்பு. கலியாணம் முடித்து ஒரு பெண் குடித்தனம் தொடங்கினாலே மிஸியின் பதிவேட்டில் பெயர் ஏறிவிடும். கர்ப்பம் தரித்தால் அடுத்த பதிவேடு. பிள்ளை பிறந்து 10 நாளுக்குள் இரண்டு முறை வீடு தேடி வருவார். தொப்புளைப் பார்ப்பார், தாயின் மார்பைப் பார்ப்பார், காய்ச்சல் உண்டா என்று கேட்பார், பிள்ளை சரியாகப் பால் உறிஞ்சுகிறதா என்று பக்கத்தில் இருந்து கவனிப்பார். அதன்பின் ஐந்து வயது வரை அந்தப் பிள்ளை அவர் கணக்கில்.

தமிழ்நாட்டில் இவருக்கு ஈடானவர் கிராம சுகாதார செவிலியர். ஊர்க்காரர்களுக்கு 'நர்சம்மா'. சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அங்குள்ள அளவு. இவருக்கு மேலே பகுதி சுகாதார செவிலியர், சமுதாய சுகாதார செவிலியர் என்று படிகள் உண்டு. தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறைக்கும் வேர் ஆழமானது. 1939இலேயே சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது. இரு பக்கமும் நல்ல முன்னோர் உடையவை. ஒன்று தேறியது, மற்றது தேறாதது என்று நான் எழுத வரவில்லை.

பெண் எங்கே வாழ்கிறாள் என்பதிலிருந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். சுகாதார அறிக்கைகளில் இது அதிகம் பேசப்படுவதில்லை. எனக்கு இதுவே எல்லாவற்றுக்கும் அடிப்படையாகப் படுகிறது.

மட்டக்களப்பில் கலியாணம் முடித்த பெண் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் வருகிறார். வீடும் வளவும் பெண்ணுக்கே சீதனமாகப் போகும். மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் பக்கத்து வளவில் சின்னதாக ஒன்று போட்டுக்கொண்டு இருப்பதும் உண்டு. அக்கா, தங்கச்சி, அம்மா, அம்மம்மா எல்லோரும் ஒரே வேலிக்குள் அல்லது அடுத்த வேலிக்குள். இதனால் மிஸிக்கு ஒரு பெரிய வசதி. அவர் கர்ப்பத்தில் பதிந்த பெண் பிரசவத்துக்குப் பிறகும் அதே வாசலில் இருக்கிறாள்; பிள்ளை அதே முற்றத்தில் தவழ்கிறது. 20 வருடம் ஒரே பிரிவில் வேலைசெய்த மிஸி ஒருவர், தான் நிறை பார்த்த பெண்பிள்ளையின் பிள்ளைக்கும் நிறை பார்க்கிறார்.

தமிழ்நாட்டில் பெண் புகுந்த வீட்டில் பதிவாகிறாள். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கே பிரசவம், மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்துக் கணவன் வீட்டுக்குத் திரும்புவாள். பிள்ளையின் வாழ்வில் மிக நுட்பமான மாதங்கள் இவை. தாய்ப்பால் நிலைப்பதும் முதல் தடுப்பூசிகளும் இந்த நாட்களில்தான். அந்த மாதங்களில் அவள் ஒரு நர்சம்மாவின் பதிவேட்டிலிருந்து போய் இன்னொரு நர்சம்மாவின் ஊரில் விருந்தாளியாக இருக்கிறாள். முதலாமவர் கதவைத் தட்டினால் மாமியார், "அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டாளே நர்சம்மா," என்பார். இரண்டாமவருக்கு அந்தப் பெண்ணைச் சிறுமியாகத் தெரிந்திருக்கலாம். கர்ப்பத்தில் இரத்தச்சோகை எவ்வளவு இருந்தது என்பது தெரியாது.

தமிழ்நாடு இந்த ஓட்டையைக் கண்டு அதை அடைத்தது. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் இணையத்தில் ஒரு 12 இலக்க எண். பெண் எந்த ஊருக்குப் போனாலும் எண் கூடவே போகும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண் வேண்டும். இதோடு 1987இல் 300 ரூபாயில் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 2018இல் 18,000 ரூபாய் ஆனது. பரிசோதனைக்கு வந்தால் ஒரு தவணை, அரசு மருத்துவமனையில் பிரசவித்தால் ஒரு தவணை, தடுப்பூசி போட்டபின் இன்னொன்று என்று கட்டங்கட்டமாக வந்த பணம். ஏழைத் தாய்க்கு அந்தத் தொகை பெரிது. இலங்கையும் 2015இல் கர்ப்பிணிகளுக்கு மாதம் 2,000 ரூபாய்ப் பெறுமதியில் 10 மாதம் போஷாக்குப் பொருள் கொடுக்கத் தொடங்கியது. ஆனால் தமிழ்நாடு செய்ததுபோல் பிள்ளையின் தடுப்பூசி வரை பணத்தால் கோத்துக் கட்டவில்லை. கட்ட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. மட்டக்களப்பில் பழக்கம் செய்த வேலையைத் தமிழ்நாட்டில் எண்ணும் பணமும் செய்கின்றன.

தடுப்பூசியில் இரு இடத்தையும் சோதித்துப் பார்த்தது இரண்டு விதமான கேடு. இலங்கையில் அது யுத்தம். படுவான்கரையின் பெரும்பகுதி 2007 வரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. துறையில் சோதனை, பாலத்தில் சோதனை. மருந்துப் பெட்டிக்கும் சோதனை. வெற்றிடங்கள் நிரம்பாமல் ஒருவரே இரண்டு மூன்று பிரிவைச் சுமந்த காலம் அது. அப்படியிருந்தும் 1995 முதல் தேசிய போலியோ நாட்களில் இரு தரப்பும் துப்பாக்கியைத் தாழ்த்தின. குழந்தைகளின் வாயில் சொட்டு மருந்து விழுந்தது. 1993க்குப் பிறகு இலங்கையில் போலியோ இல்லை. அந்த நாட்களில் குளிர்ப்பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த மிஸிமாரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது.

தமிழ்நாட்டுக்கு வந்தது வேறு கேடு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டபின் நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் ஊசி போடுவது கிராமங்களிலிருந்து விலகி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவுதான். யாரையும் குறைசொல்ல முடியாது. ஆனால் நர்சம்மா தாயிடம் வந்த நிலை மாறி, தாய் ஊசியிடம் போகும் நிலை வந்தது. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் முழுத் தடுப்பூசி பெற்ற தமிழ்நாட்டுக் குழந்தைகள் 2005–06இல் 100க்கு 81 பேர். 2015–16இல் 70 பேர். 2019–21இல் 89ஆக மீண்டது. இறக்கத்துக்குக் காரணம் இந்த ஒன்றுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். துறையைத் தாய் கடப்பதா நர்ஸ் கடப்பதா என்ற கேள்வி வாவி இல்லாத ஊரிலும் உண்டு என்பதை மட்டும் சொல்வேன்.

இரு இடத்திலும் சாவு குறைந்தது. தமிழ்நாட்டில் 2020இல் ஆயிரம் பிறப்புக்கு 13 சிசு மரணம். இலங்கையில் பத்துக்கும் கீழே. தென்னாசியாவில் இவை பெருமைக்குரிய கணக்குகள். ஆனால் இன்னொரு கணக்கு இருக்கிறது. உயரத்துக்கு ஏற்ற நிறையில்லாமல் மெலிந்த ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள், 2016ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் இலங்கை முழுவதிலும் 100க்கு 15.1 பேர். 2019–21இல் தமிழ்நாட்டில் 14.6. காசைக் கொடுத்த இடமும் பழக்கத்தில் வளர்ந்த இடமும், எண் இருந்த இடமும் இல்லாத இடமும், இந்த ஒரு வரியில் வந்து ஏறக்குறைய ஒரே படியில் நிற்கின்றன. 2022இன் பொருளாதார நெருக்கடி இலங்கைப் பிள்ளைகளின் தட்டில் கைவைத்தது அதற்குப் பிறகு. பிள்ளையைச் சாகவிடாமல் காக்கத் தெரிந்த இரு சமூகங்களுக்கும் அதைத் தளதளவென்று வளர்ப்பது ஏன் கைகூடவில்லை?

விடையின் ஒரு பகுதியை அன்று மண்டூர்ப் பக்கத்தில் நிறை பார்த்த இடத்தில் கண்டேன்.

ஒரு வீட்டு முன்விறாந்தை. வளையில் கயிறு கட்டித் தராசைத் தொங்கவிட்டார் மிஸி. வெறும் தராசின் முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தார். காற்சட்டை மாதிரியான துணியில் பிள்ளையை இறக்கினார்கள். ஒன்பது மாதப் பெண்பிள்ளை, வீறிட்டு அழுதது. முள் ஆடி அடங்கும்வரை அவர் அவசரப்படவில்லை. பிள்ளையின் உள்ளங்காலை இரண்டு விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு புத்தகத்தை விரித்தார். இலங்கையில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு ஒன்று உண்டு. பெண்பிள்ளைக்கு இளஞ்சிவப்பு, ஆண்பிள்ளைக்கு நீலம். அது தாயின் கையில் இருக்கும். நிறைக்கோடு மட்டுமன்றி, பிள்ளை முகம் பார்த்துச் சிரித்ததா, சத்தத்துக்குத் திரும்பியதா என்று தாயே பார்த்துக் குறிக்கும் பக்கங்களும் அதில் இருக்கின்றன. மிஸி வைத்த புதிய புள்ளி பழைய புள்ளிக்கு நேராக நின்றது. கோடு மேலே ஏறாமல் படுத்துக் கிடந்தது.

"மகள், விடிய பிள்ளைக்கு என்ன குடுத்தீங்க?"

"கஞ்சித் தண்ணி, மிஸி."

"தண்ணிய நீங்க குடிங்க. சோத்தப் பிள்ளைக்குக் குடுங்க."

பின்னால் இருந்த அம்மம்மா விடவில்லை. "சோறு தொண்டையில அடைச்சிரும் மகள். இது பூப்போலப் பிள்ள." மிஸி அவரோடு வாதாடவில்லை. அடுப்படிக்குப் போய் ஒரு பிடி சோறு கேட்டார். கொஞ்சம் மீன் சதை, முள் பார்த்து எடுத்தது. விரலால் மசித்து, சொட்டுத் தேங்காய்ப்பால் விட்டு, கரண்டியில் எடுத்துச் சரித்துக் காட்டினார். விழவில்லை. "இப்பிடிக் கரண்டியில நிக்கோணும் அம்மா. ஓடுற சாப்பாட்டில நிறை ஏறாது." பிறகு கரண்டியை அம்மம்மாவின் கையிலேயே கொடுத்தார். அழுது ஓய்ந்த பிள்ளை வாயைத் திறந்தது. மொத்தம் கால் மணி நேரம் போயிருக்கும். வெளியே இன்னும் பதினைந்து தாய்மார் நின்றார்கள்.

ஊசி ஒரு நிமிட வேலை. போட்டால் போட்டதுதான், யார் போட்டாலும் அதே பலன். சாப்பாடு அப்படி முடியாது. யார் சமைக்கிறார்கள், யார் ஊட்டுகிறார்கள், வீட்டில் யார் சொல் எடுபடும் என்பதெல்லாம் தெரிந்த ஒருவர் அதே வாசலுக்கு மறுபடி மறுபடி வர வேண்டும். அந்தக் கரண்டி தாயின் கைக்குப் போகாமல் அம்மம்மாவின் கைக்குப் போனதற்குக் காரணம் அந்த வீட்டை மிஸி அறிந்திருந்தது. மட்டக்களப்பின் வலு இதில்தான். அதன் பலவீனமும் இதே இடத்தில்: அந்தப் பதினைந்து தாய்மாருக்கும் கால் மணி நேரம் வீதம் கொடுக்க ஒரு நாள் போதாது. கிளினிக், ஊசி, திரிபோஷ என்ற சத்துமா கொடுப்பது, மாத அறிக்கை, பாடசாலை, கூட்டம் எல்லாம் அதே கையில். 1973 முதல் கொடுக்கப்படும் திரிபோஷ மா நல்லதுதான். ஆனால் இரண்டு பொதி வீட்டுக்குள் போனால் மெலிந்த பிள்ளையோடு மற்றப் பிள்ளைகளும் அதைப் பங்கிடும். பசியுள்ள வீட்டில் அதைத் தடுக்க யாருக்கு மனம் வரும்?

தமிழ்நாடு இந்தச் சுமையைப் பிரித்தது. ஊசியும் கர்ப்பமும் நர்சம்மாவிடம். எடையும் சத்துமாவும் அங்கன்வாடி என்ற குழந்தைகள் மையத்தின் பணியாளரிடம். காது கேட்கிறதா, வளர்ச்சி சரியா என்று பார்ப்பது வண்டியில் வரும் மருத்துவக் குழுவிடம். 2021இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்தபின் நர்சம்மா பெரியவர்களின் சர்க்கரை, இரத்த அழுத்தம் பற்றியும் கவலைப்பட வேண்டியிருக்கிறது. பிரித்ததில் பயன் உண்டு. அங்கன்வாடியில் பிள்ளைக்குத் தினமும் சூடான சோறு கிடைக்கிறது. பாட்டும் விளையாட்டும் கிடைக்கின்றன. படுவான்கரையின் முன்பள்ளிகளுக்கு இந்த அளவு வசதி கிடைத்தால் எவ்வளவோ நன்றாயிருக்கும். ஆனால் ஒரு பிள்ளையின் எடை ஒருவரிடமும் ஊசி இன்னொருவரிடமும் பேச்சு மூன்றாமவரிடமும் இருந்தால், முழுப் பிள்ளையையும் சேர்த்துப் பார்க்கிறவர் யார்? நர்சம்மாவும் அங்கன்வாடிப் பணியாளரும் ஒரே நாளில் ஒன்றாக உட்காரும் ஊர்களில் அந்தக் குறை தெரியாது. உட்காராத ஊர்களில் பிள்ளை இரண்டு பதிவேட்டின் இடுக்கில் விழும்.

தமிழ்நாட்டிடம் இதற்கு ஒரு பழைய விடையே இருந்தது. 1980இல் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் உலக வங்கி உதவியோடு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான பிள்ளைகளை மாதம் தவறாமல் நிறுத்தது. கோடு சரிந்த பிள்ளைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு, ஏறியதும் நிறுத்திவிடுவார்கள். நிறுத்துப் பார்த்தவர் அந்த ஊரிலேயே குடியிருந்த பெண். எல்லாருக்கும் எப்போதும் கொடுப்பதைவிட, சரிகிற பிள்ளையைச் சரிகிற மாதத்திலேயே பிடிப்பது அதன் நோக்கம். அது பெரிய திட்டங்களுக்குள் கரைந்து போனதை நான் இழப்பாகவே பார்க்கிறேன். அதன் கணக்கு எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இன்றும் பொருந்தும். கோடு படுத்துக் கிடக்கும் பிள்ளைகளை மட்டும் ஒரு தனித் தாளில் எழுதி, அந்த வீடுகளுக்கு மாதம் இரண்டு முறை போக மிஸிக்கு நேரம் கொடுக்க வேண்டும். அந்த நேரத்துக்காக ஒரே விபரத்தை நான்கு பதிவேட்டில் எழுதும் வேலையை எடுத்துவிட வேண்டும். தாதிய சகோதரி அலுவலகத்தில் கையெழுத்துப் போடும் நாட்களைக் குறைத்து, இந்த வீடுகளுக்குக் கூடப் போக வேண்டும்.

மட்டக்களப்பு தமிழ்நாட்டிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதும் உண்டு. எங்கள் தாய்வழி வாசல் இப்போது பழையபடி நிலையாக இல்லை. கணிசமான தாய்மார் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகிறார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய் போகக்கூடாது என்று 2013இல் அரசு விதித்தது. 2022இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்தது. போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. கடனும் பசியும் அந்த வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் தாய் போனதும் பிள்ளை சில நேரம் அம்மம்மாவிடம், சில நேரம் சித்தியின் ஊருக்கு, சில நேரம் தகப்பனின் தாயிடம் என்று வாவியின் இரு கரைக்கும் அலையும். புத்தகம் ஒரு வீட்டில், பிள்ளை இன்னொரு வீட்டில். இங்கே பழக்கம் மட்டும் உதவாது. பிள்ளையோடு கூடவே போகிற ஓர் எண் வேண்டும். எந்தப் பிரிவு மிஸி திறந்தாலும் அந்தக் கோடு தெரிய வேண்டும்.

அன்று நிறை பார்த்து முடிய மதியம் தாண்டிவிட்டது. மிஸி தராசைக் கழற்றி, கயிற்றைச் சுருட்டி, பைக்குள் வைத்தார். வந்த பிள்ளைகளை எண்ணினார். வராதவர்கள் நான்கு பேர். கொப்பியில் அந்த நான்கு பெயருக்கும் நேரே வீட்டு அடையாளம் எழுதினார்: புளியமரத்துக்குப் பின்னால், ஆலைக்கு இடப்பக்கம், வாய்க்கால் தாண்டி இரண்டாவது வளவு. நாலாவது பெயருக்கு நேரே, "தாய் குவைத். பிள்ளை எங்கே என்று கேட்க வேண்டும்" என்று எழுதிவிட்டு, ஸ்கூட்டியைத் துறைப்பக்கம் திருப்பாமல் வாய்க்கால் பக்கம் திருப்பினார்.